மிச்சம் பிடித்த சுவர்

அவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். "தங்கமான மனுசனுங்க" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு நாள் வாய் வலிக்கத் திட்டித் தீர்த்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். இத்தனை வருஷம் வயிற்றெரிச்சலோடு திரிந்திருக்க மாட்டேன்.

எல்லாரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். வீட்டுக்காரராகி வாடகை வாங்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. அருள்புரத்தில் பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அவருடைய லைன் வீடுகள் இருந்தன. வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை ரூம்கள், முன்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நடை, கோடியில் கக்கூஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி. அப்பா இறந்த பிறகு, தாராபுரம் பக்கத்து மானாவாரிக் காட்டை நம்பி ஒன்றும் ஆகாது என்று தெரிந்து, அம்மாவும் நானும் எண்பதுகளின் கடைசியில் அங்கே குடிவந்தோம். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் கைமடிக்குச் சேர்ந்தாள். தைத்து வருகிற பனியன்களை மடித்து அடுக்குகிற வேலை. நான் அதே கம்பெனியில் செக்கிங்.

மேஸ்திரி ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு நூல்கண்டும் தூக்குக்குண்டும் இருக்கும். அந்தக் கனத்தில் சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கும். விரல் நுனிகளைச் சிமெண்ட் தின்று வழுவழுவென்று இருக்கும். கைநாட்டு வைத்தால் ரேகை விழாது, வெறும் மைதான் விழும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பார், சந்தையில் மாட்டைத் தடவுகிற மாதிரி. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. என்னைக் கண்ணு என்பார், அம்மிணி என்பார். அம்மா அவரைவிடச் சிறியவள்தான் என்றாலும் அவளை அக்கா என்பார். வாடகை கேட்க வந்தால்கூட நடைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏனுங்கக்கா, சாப்புட்டீங்ளா" என்று தொடங்கி, மழை, பவர்கட், கம்பெனி ஆர்டர் எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் வாடகைக்கு வருவார்.

அவர் நிலத்தில் எப்படி இறங்கினார் என்ற கதையை அவர் வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்ல அவருக்கு அலுக்கவே அலுக்காது. கம்பெனிக்காரர்கள் ஷெட்டுக்கு மேல் ஷெட்டாகப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இவர் ஒரு முதலாளிக்கு நிட்டிங் ஷெட் கட்டிக் கொடுத்தார். வேலை முடிகிறபோது முதலாளி கையில் ரொக்கம் இல்லை. கூலிக்குப் பதிலாக ஷெட்டுக்குப் பின்னால் கோணலாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டு நிலத்தை எழுதிக் கொடுத்தார். வேறு மேஸ்திரியாக இருந்தால் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஒரு வண்டி வாங்கியிருப்பார். இவர் போய் அந்தக் கோணல் நிலத்தில் நின்று பார்த்திருக்கிறார். கிழக்கே ஷெட்டின் சுவர் நின்றுகொண்டிருந்தது. அவரே கட்டிய சுவர்.

"அன்னிக்குத்தானுங்க எனக்குப் புத்தி வந்துச்சு" என்பார். "ஒரு ரூமுக்கு நாலு செவுரு வேணும்னு எவன் சொன்னான்? மூணு கட்டுனாப் போதும். நாலாவது ஏற்கெனவே நிக்குதல்லொ."

தன் ஷெட்டுச் சுவரில் சாய்த்துக் கட்டுவதை முதலாளியும் போனால் போகிறது என்று விட்டுவிட்டார். வேலை நடக்கிற இடங்களில் மூட்டையின் அடியில் தங்கிய சிமெண்ட், உடைந்த செங்கல், வளைந்த கம்பி, இதையெல்லாம் கேட்டு வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் அவர் மனைவியுமாக முதல் ரூமைக் கட்டினார்கள். அதில் குடியேறினார்கள். அதன் சுவரில் சாய்த்து அடுத்த ரூம். அதை வாடகைக்கு விட்டு, வந்த அட்வான்ஸில் அதற்கடுத்த ரூம். இப்படியே போனது. ஒரு வரிசை முடிந்ததும் பக்கத்து நிலத்தை வாங்கினார், இன்னொரு வரிசை எழும்பியது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் ஒரு வாத்தியார் மாதிரி ஆகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் முனையில் இருக்கிற டீக்கடைக்குப் போனால் இளவயசுக் கொத்தனார்கள் நாலைந்து பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நாமும் எப்படி இடம் வாங்கிப் போடுவது, எப்படி முன்னுக்கு வருவது என்று கேட்பார்கள். அவர் ஒளிக்காமல் சொல்வார். "எடம் வாங்கப் போனா ரோட்டப் பாக்காதீங்க. கம்பெனிச் சங்கு கேக்குதான்னு நின்னு கேளுங்க. சங்கு கேக்கற தொலவுல கக்கூஸக் கட்டி உட்டாக்கூட ஆள் குடிவரும். பத்தரத்துக்கும் அஸ்திவாரத்துக்கும் உங்க காசு. அதுக்கு மேல குடிவர்றவிய அட்வான்ஸ் பாத்துக்கும். கட்டத் தெரியாதவன் எடம் வாங்குனா இஞ்சினீருக்கும் மேஸ்திரிக்கும் அழுவோணும். நமக்கு அந்தச் செலவு இல்லீங்களே. நம்ம கைதான் நமக்கு மொதலு." அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். இன்றைக்கு அருள்புரத்தில் பாதி அந்தப் பையன்கள் கட்டியதுதான். காற்று நுழையாத ஊர் ஒன்று எப்படி உண்டாகிறது என்று யாராவது கேட்டால் அந்த டீக்கடை பெஞ்சைக் கைகாட்டுவேன்.

சும்மா கிடக்கிற இடத்தைக் கண்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. பேராசை என்று சொல்லிவிட முடியாது. சோற்றைக் கீழே சிந்தினால் சிலருக்கு மனசு பதறும் இல்லையா, அப்படி அவருக்கு. இரண்டு வரிசைகள் மூலையில் சேருகிற இடத்தில் கொஞ்சம் வெளி இருந்தது. அதில் இரண்டே சுவர் எழுப்பி ஒரு ரூம் ஆக்கினார். அதற்கப்புறம் ஒன்று செய்தார், அதை நினைத்தால் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாது. இரண்டு வரிசைக்கும் நடுவே கக்கூஸுக்குப் போகிற சந்து ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் சுவர், கோடியில் காம்பவுண்டு. மேலே ஷீட்டைப் போட்டு, வாயில் ஒரே ஒரு சுவரைக் கட்டிக் கதவு வைத்தார். ரூம் ஆகிவிட்டது. ஊரையே கூப்பிட்டுக் காட்டினார். "ஒத்தச் செவுருங்க. ஒத்தச் செவுத்துல ஒரு ரூமு." அன்றிலிருந்து நாங்கள் கக்கூஸுக்கு மொத்த லைனையும் சுற்றிக்கொண்டு போனோம். மாசமாக இருந்த பெண்களும் அப்படித்தான் போனார்கள்.

நாங்கள் குடிவந்த ரூமுக்கு ஒரு ஜன்னல் இருந்தது. அந்த வரிசைக்கு மட்டும்தான் பின்பக்கம் ஜன்னல். வெளியே ஒரு பட்டை நிலம், அதற்கப்பால் காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு மேலே வானமும் ஒரு வேப்பமரத்தின் பாதியும் தெரியும். அம்மா அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் அந்த ரூமைப் பிடித்தாள். மேஸ்திரியும் ஜன்னல் கதவைத் திறந்து காட்டி, "ஜன்னல் வெச்ச ரூமுங்கக்கா, அதனால வாடகை சித்தெ எச்சா இருக்கும்" என்றார். அம்மா தன் தோட்டை விற்று அட்வான்ஸ் கொடுத்தாள்.

காது மூளியாக நின்றபடி அவள் கேட்டது ஒன்றுதான். "பின்னாடி எதுனாக் கட்டுவீங்களாங்க மேஸ்திரி?"

"சேச்சே, அது சும்மா கெடக்கட்டுமுங்க. காத்துக்கு உட்டது" என்றார் அவர்.

கைமடிக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்த டேபிளில் உட்கார்ந்தால் நாள் முழுக்கப் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். புருவத்தில், மூக்கில், சாப்பாட்டில், எல்லாவற்றிலும் பஞ்சு. மூன்றாவது வருஷம் அம்மாவுக்கு வீசிங் வந்தது. படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ சீட்டி அடிக்கிற மாதிரி சத்தம் வரும். கட்டிலை ஜன்னலுக்கு அடியில் இழுத்துப் போட்டோம். மூச்சு முட்டும்போது எழுந்து ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தை வெளியே வைத்துக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் அடங்கும். மாத்திரை, மருந்து எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு நாள் விடியற்காலம் அவளுக்கு ரொம்ப முடியாமல் போய் உதடு நீலம் பாரித்துவிட்டது. நான் அழுதுகொண்டே நடையில் ஓடினேன். மேஸ்திரிதான் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மாவைத் தூக்கித் தன் டிவிஎஸ்ஸில் உட்கார வைத்து, பின்னால் என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஊசி போட்டு மூச்சு வரும்வரை வராந்தாவில் உட்காராமல் நின்றார். அன்று வேலைக்கும் போகவில்லை. டாக்டர் அவரிடம்தான் சொன்னார், இந்தம்மாவைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள் என்று. "செரீங்க டாக்டர், பாத்துக்கறமுங்க" என்று தலையாட்டியவர் அவர்தான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு அவர் சாமி. அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேச விடமாட்டாள். என்னுடைய கோபத்தில் பாதி அம்மாவின் மேல் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கத் தொட்டிக்குப் போனவள், பின்பக்கத்துப் பட்டை நிலத்தில் மேஸ்திரி நூல் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அவர் மனைவி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. எங்கள் வரிசையின் பின்சுவர் ஒரு பக்கம், காம்பவுண்டுச் சுவர் மறுபக்கம். நடுவில் குறுக்குச் சுவர்கள் மட்டும் வைத்தால் போதும், ஒரு வரிசையே கிடைத்துவிடும். காம்பவுண்டை அந்தப் பக்கம் உடைத்து வாசல் வைத்துக்கொள்ளலாம். இத்தனை நாள் எப்படித்தான் அதை விட்டு வைத்தாரோ.

வாளியைப் போட்டுவிட்டுப் போனேன். "ஏனுங்க மேஸ்திரி, ஜன்னலு என்னாகும்?"

அவர் நூலை விடாமலே சொன்னார். "ஜன்னலு அடைபடுமுங்க அம்மிணி. வேற வழியில்லீங்களே. தெக்கத்தி ஆளுக பஸ்ஸு பஸ்ஸா வந்து எறங்குது. நெதம் நாலு பேரு பொட்டியோட வந்து நிக்கறாங்க. பாத்துட்டு எப்புடிங்க சும்மா இருக்கறது?"

"காத்துக்கு உட்டதுன்னு சொன்னீங்களே."

"அப்ப உட்டனுங்க. இப்ப ஆளுக்கு வேணுமல்லொ."

"டாக்டர் உங்ககிட்டத்தானுங்க சொன்னாரு. அம்மாவுக்குக் காத்து வேணும்னு."

அவர் முகம் உண்மையிலேயே வாடியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "கதவ சித்தெ தொறந்து வெச்சுக்குங்க கண்ணு. நடையில காத்து நல்லாத்தான் வருது. நானும் ஜன்னலு இல்லாத ரூம்லதான் குடியிருக்கறன். எம்பட ரூமச் சுத்தி நாலு பக்கமும் நானே கட்டிப்போட்டேன். ஒண்ணும் ஆயிறலீங்களே."

அது பொய்யில்லை. ஷெட்டுச் சுவரில் சாய்த்து முதலில் கட்டிய அந்த ரூமில்தான் அவர் கடைசிவரை இருந்தார். பக்கத்தில், பின்னால், மேலே, எல்லாம் அவர் வாடகைக்கு விட்ட ரூம்கள். பட்டப்பகலில் குண்டுபல்பு எரியும். நூல் முனையைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள். அப்போது தலையைத் தூக்காமலே, "எனக்கு ஒண்ணும் ஆவுலேன்னு இவுரே முடிவு பண்ணிக்கிட்டாரு" என்றாள். மேஸ்திரி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நூலை இழுத்து ஆணியில் கட்டினார்.

"ஜன்னலு இருக்குதுன்னு வாடகை எச்சா வாங்குனீங்களே, அதயாச்சும் கொறைப்பீங்களா?" என்றேன்.

"நாலு வருசமா ஏத்தவே இல்லீங்களே அம்மிணி" என்றார் பொறுமையாக.

வரிசையில் மற்ற ரூம்களுக்கும் போய்ப் பேசிப் பார்த்தேன். யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. காலையில் சங்குக்கு முன்னால் போய் ஓவர்டைம் முடித்து வந்து விழுகிறவர்களுக்கு ஜன்னல் எதற்கு? அவர்கள் ஜன்னலைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்து ரூமில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஓவர்லாக் டெய்லர் ஒருத்தி இருந்தாள். "ஏட்டி, பேசாம கெட" என்றாள். "நீ சண்ட போட்டுட்டு வெளிய போனேன்னு வையி, சாயங்காலத்துக்குள்ள ஒருத்தி பொட்டியத் தூக்கிட்டு வந்து இங்கன நிப்பா. வீடு கெடைக்காம நான் பட்ட பாடு எனக்குல்லா தெரியும்."

எங்கள் ஜன்னலை அடைத்த நாள் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். முதலில் கம்பியைப் பிடுங்கினார். பிறகு சட்டத்தையும் கதவையும் நோகாமல் கழற்றி எடுத்தார். நல்ல வேம்பு, வீணாகக் கூடாது, வேறு எங்காவது வைத்துக்கொள்ளலாம் என்றார். அப்புறம் வெளியே நின்றுகொண்டு செங்கல் வைக்கத் தொடங்கினார். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் சுவரோரமாக நின்றேன். ஒரு வரிசை வைத்ததும் அவருடைய இடுப்பு மறைந்தது. இன்னொரு வரிசைக்குப் பிறகு சட்டைப் பை மறைந்தது. கை மட்டும் நிற்காமல் வேலை செய்தது. அவ்வளவு சுத்தமான வேலை. செங்கல்லை ஒரு தட்டு, கரண்டியை ஒரு இழுப்பு, வழிந்த கலவையை வழித்து அடுத்த கல்லில் போட்டுவிடுவார். ஒரு பொட்டு கீழே சிந்தாது.

வேலை செய்துகொண்டே அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "மாத்தர போட்டீங்ளாக்கா? வெந்தண்ணி குடிங்க. பச்சத்தண்ணி குடிக்காதீங்க, நெஞ்சுல கட்டிக்கும்." அம்மாவும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் எழுந்து போய் ஸ்டவ்வைப் பற்றவைத்து அவருக்கு டீ போட்டாள். எட்டி அதை அந்த இடைவெளி வழியாக நீட்டினாள். "எதுக்குங்கக்கா செரமம்" என்று வாங்கிக் குடித்தார். அதற்குள் அவர் மனைவி அடுத்த சட்டிக் கலவை கொண்டுவந்துவிட்டாள். அவர் டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு இன்னும் நாலைந்து கல் வைத்தார். பிறகுதான் டம்ளர் ஞாபகம் வந்தது. அதைப் படுக்கப் போட்டு உருட்டித்தான் உள்ளே தள்ள முடிந்தது. அம்மா கையை ஏந்தி வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் அவருடைய கண்கள் தெரிந்தன, பிறகு கை தெரிந்தது, பிறகு செங்கல்தான்.

பின்னால் எழும்பிய புது வரிசை ரூம்களுக்கு ஏற்கெனவே குடியிருந்தவர்களின் அட்வான்ஸ் பணம்தான் மூலதனம் என்று டீக்கடையில் அவரே பெருமையாகச் சொன்னார். அதில் என் அம்மாவின் தோடும் உண்டு. அவள் காதை மூளியாக்கிக் கொடுத்த பணம் செங்கல்லாகி அவள் மூக்குக்கு முன்னாலேயே வந்து நின்றது. இதை அம்மாவிடம் சொன்னேன். "அட்வான்ஸு திருப்பித் தருவாரல்லொ, எங்கயும் போயிராது" என்றாள்.

எங்கள் மேல் இரக்கப்பட்டு அவர் ஒரு சலுகை செய்தார். அடைத்த ஜன்னலுக்கு மேலே ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை விட்டார். அது வானத்துக்குத் திறக்கவில்லை. புது ரூமுக்குள் திறந்தது. அங்கே நாலு பையன்கள் குடிவந்தார்கள். அவர்கள் மண்ணெண்ணெய் ஸ்டவ் புகையும் பீடிப் புகையும் நேராக அம்மாவின் கட்டிலில் வந்து இறங்கின. கடைசியில் அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பனியன் வேஸ்ட்டைச் சுருட்டித் தன் கையாலேயே அந்த ஓட்டையை அடைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் நடைவாசலில் படுக்கத் தொடங்கினாள். தலை வெளியே, உடம்பு உள்ளே. போகிறவர்கள் வருகிறவர்கள் அவள் தலையைத் தாண்டிப் போனார்கள். மேஸ்திரி மட்டும் தாண்ட மாட்டார். தலையைத் தாண்டுவது அவருக்கு மரியாதைக் குறைவு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாக ஒட்டி நடந்து போவார். போகும்போது, "நடையில படுக்காதீங்கக்கா, பனி எறங்குது, நெஞ்சுக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த மாதிரி நேரங்களில் எனக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வரும். அம்மா என் காலைப் பிடித்து அழுத்துவாள்.

அவள் வேலைக்குப் போவதும் நின்றது. நான் செக்கிங்கிலிருந்து டெய்லர் ஆனேன். பீஸ் ரேட். ராத்திரி பகல் பார்க்காமல் தைத்தேன். ஒரே ஒரு நினைப்புதான், அவளை ஜன்னல் இருக்கிற வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைக்க வேண்டும். நெருப்பெரிச்சல் பக்கம், கம்பெனிகள் அப்போதுதான் வந்துகொண்டிருந்த இடத்தில், ஓட்டு வீடு ஒன்று கிடைத்தது. ஊருக்கு வெளியே, தனி வீடு. படுக்கிற அறைக்கு வடக்கே பெரிய ஜன்னல். வெளியே கண்ணுக்கு எட்டியவரை சோளக் காடு.

காலி செய்கிற அன்று மேஸ்திரியோடு ஒரு சண்டையாவது போட்டுவிட்டுப் போகலாம் என்று மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். சுவரில் ஆணி அடித்ததற்கு, வெள்ளையடிப்பதற்கு என்று எதற்காவது அட்வான்ஸில் பிடிப்பார், அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று. அவர் ஒன்றுமே பிடிக்கவில்லை. வேறு வீட்டுக்காரர்கள் மாதிரி அலைக்கழிக்கவும் இல்லை. முழுப் பணத்தையும் வெற்றிலையில் வைத்து அம்மா கையில் கொடுத்தார். எங்கள் கட்டிலை அவரே தோளில் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார். அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, "ஒடம்பப் பாத்துக்குங்கக்கா" என்றார். நாங்கள் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு குடும்பம் பாத்திரம் பண்டத்தோடு எங்கள் ரூமுக்குள் போய்க்கொண்டிருந்தது. கைக்குழந்தை இருந்தது அவர்களிடம்.

ஒரு தப்பாவது பண்ணித் தொலைத்திருக்கலாம் அந்த மனுஷன். பண்ணவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது நெருப்பெரிச்சலில்தான். தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு நாலைந்து இடங்களில் லைன்கள் எழும்பிவிட்டன என்று கேள்விப்பட்டேன். ஆள் மாறவில்லை. அதே டிவிஎஸ். அம்மாவுக்கு மறுபடியும் உடம்பு முடியாமல் போயிற்று என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் முற்பகலில் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வழி விசாரித்து வந்துவிட்டார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, லைனில் இருந்த ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரித்தாள். அவரும் சலிக்காமல் சொன்னார். யார் ஊருக்குப் போனார்கள், யாருக்குக் கல்யாணம், எந்தக் கம்பெனி மூடியது. நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

பேசிக்கொண்டே இருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தார். அம்மா கேட்பதற்கு ம், ம் என்றார். பார்த்தேன். அவர் பார்வை அம்மாவின் தலைக்கு மேலே ஜன்னல் வழியாக வெளியே போயிருந்தது. சோளத்தட்டு அறுத்து முடித்த காடு, கோடியில் ஒரு கிணற்று மேடு, அதற்கப்பால் புதிதாக முளைத்த கம்பெனி ஷெட் ஒன்று. அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? நேராகப் போய் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். "வெயிலு மூஞ்சில அடிக்குதுங்க" என்றேன். அன்று வெயிலே இல்லை. மூட்டமாக இருந்தது.

அறை இருண்டது. அம்மாவுக்குச் சிரிப்பு நின்றது. சேலையை மார்பிலிருந்து தளர்த்தினாள். பிறகு அந்தச் சத்தம் தொடங்கிவிட்டது, உள்ளே சீட்டி அடிக்கிற சத்தம். கை ஜன்னல் பக்கமாகத் தடவியது.

நான் நகர்வதற்குள் அவர் எழுந்துவிட்டார். தாழ்ப்பாளை நீக்கி இரண்டு கதவையும் அகலத் திறந்தார். அம்மாவின் முதுகைத் தாங்கி நிமிர்த்தி, அந்த வழுவழுப்பான விரல்களால் மேலிருந்து கீழே மெல்ல நீவிவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"என்ன கண்ணு நீயி" என்றார். "அக்காவுக்குக் காத்து இல்லாம முடியாதல்லொ. கூட இருக்கற உனக்குத் தெரியாதா?"

எதைச் சொல்வது? எங்கிருந்து ஆரம்பிப்பது? அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. அவர் தண்ணீரை எடுத்துக் கொடுத்தார், குடிக்க வைத்தார், வாயைத் துடைத்துவிட்டார். பிறகு நாற்காலிக்குத் திரும்பி வரவில்லை. ஜன்னலிலேயே நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் வெளியே பார்த்தார்.

"ஏனுங்கக்கா, இந்தக் காடு யாருதுங்க?"

"தோட்டத்துக்காரருதுங்க" என்றாள் அம்மா. "பசங்க ரெண்டும் கம்பெனி வெச்சுப் போயிருச்சு. பாக்கறக்கு ஆளில்ல. குடுக்கறாப்லதான்... பேசிக்கறாங்க."

"அவிய ஊடு எங்கீங்க?"

அம்மா அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அவருக்கு வழி சொல்லத் தொடங்கினாள்.